அம்மாவுக்கு முடக்குவாதம்: மகளுக்கும் வருமா?

கேட்டவர் 27 வயதுப் பெண். அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். சித்திக்குத் தைராய்டு. அப்பா வீட்டுக்குள்ளேயே பீடி பிடிப்பவர். இந்தப் பெண் கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் "இது பரம்பரை வியாதியா?" என்று கேட்டிருக்கிறார்கள். தனக்கும் வருமா, ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா, தயிர், தக்காளி, கத்தரிக்காயை நிறுத்தினால் தடுக்கலாமா என்று கேட்கிறார். வாத நோய்ப் பிரிவில் இதே கேள்வியை அடிக்கடி கேட்கும் மருத்துவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். உங்களுக்கு வராமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். பொதுவாக 100 பெரியவர்களை எடுத்தால் முடக்குவாதம் உள்ளவர் ஒருவர், பல இடங்களில் அதற்கும் குறைவு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்காகிறது என்று சுவீடனின் குடும்பப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒன்றின் மூன்று மடங்கு மூன்றுதான். இந்த நோய் உள்ள அம்மாக்களின் மகள்கள் 100 பேர் இருந்தால், அவர்களில் 95 பேருக்கு மேல் இந்த நோயே இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள்.

பரம்பரை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இரட்டையர்களைவிட நல்ல சாட்சி இல்லை. 1993இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்று, இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருக்கும் ஜோடிகளைத் தேடிப் பிடித்தது. மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையர்களில் இருவருக்கும் நோய் இருந்தது சுமார் 15 சதவீத ஜோடிகளில்தான். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர்களில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 15க்கும் 4க்கும் உள்ள இடைவெளி மரபணுவின் வேலை. அதே மரபணுவை அப்படியே வைத்திருந்தும் நோய் வராமல் தப்பிய 85 சதவீதம் பேர் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

"இந்த நோயில் 60 சதவீதம் மரபு" என்றும் எங்காவது படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கும் சரிதான், பலரும் புரிந்துகொள்வதுதான் தவறு. ஒரு நாட்டு மக்களிடையே ஆளுக்கு ஆள் ஆபத்து மாறுபடுகிறதே, அந்த மாறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்று சொல்லும் எண் அது. உங்களுக்கு நோய் வர 60 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருளே இல்லை. இந்தக் குழப்பத்தால் தூக்கம் கெட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மரபணுவும் பழக்கமும் மட்டும்தானா? இல்லை, மூன்றாவதாகத் தற்செயல் ஒன்று உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. முடக்குவாதம் என்பது நம் நோய் எதிர்ப்பு அணுக்களே சொந்த மூட்டைத் தாக்குவது. அந்த எதிர்ப்பு அணுக்களில் முக்கியமான பி அணுக்களும் டி அணுக்களும் உருவாகும்போது, ஒவ்வொன்றும் சில மரபணுத் துண்டுகளைத் தன் போக்கில் வெட்டி ஒட்டித் அன்னியப் பொருளை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றைத் தனக்கென்று அமைத்துக்கொள்கிறது. எண்ணற்ற கிருமிகளை நம் உடம்பு அடையாளம் காண்பதே இதனால்தான். பி அணுக்களில் இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக சுசுமு டொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வெட்டி ஒட்டும் வேலை ஒரே கரு இரட்டையர்களிடம்கூட ஒரே மாதிரி நடப்பதில்லை. தன் உடம்பையே தாக்கக்கூடிய அணு எல்லோரிடமும் உருவாகத்தான் செய்கிறது, பெரும்பாலும் உடம்பே அதை அடக்கிவிடுகிறது. யாரிடம் அடங்காமல் தப்புகிறது என்பதில் யாருடைய தவறும் இல்லாத பங்கு ஒன்று இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பச்சைத் தண்ணியில நின்னே துணி துவைச்சேன், அதான் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. குளிர்ந்த தண்ணீரால் முடக்குவாதம் வருவதில்லை. வந்த பிறகு குளிர்பட்டால் வலி கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் அம்மாவும் அப்படிச் சொல்பவராக இருந்தால், அவர் செய்த எதனாலும் இது வரவில்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி மரபணுப் பக்கம். முடக்குவாதத்தோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் 100க்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை ஆபத்தை இம்மியளவே கூட்டுபவை. ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது: எச்எல்ஏ-டிஆர்பி1. இந்த மரபணு செய்துதரும் புரதத்தின் வேலை, அணுவுக்குள் கிடைத்த புரதத் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல டி அணுக்களிடம் காட்டுவது. அன்னியப் பொருள் என்று தெரிந்தால் டி அணு கிளர்ந்தெழும். டிஆர்பி1இல் பல வகைகள் உண்டு. நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் வகைகள் எல்லாவற்றிலும் 70 முதல் 74 வரையான இடங்களில் அமினோ அமில வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்று 1987இல் கிரெகர்சனும் உடனிருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். ஐரோப்பியர்களிடம் 04:01 என்ற வகை பெரிதாகப் பேசப்படும். இந்திய நோயாளிகளிடம் 10:01 என்ற வகையும் குறிப்பிடும்படி வருகிறது.

அந்த இடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றும் பிஏடி என்ற என்சைம்கள் எல்லோர் உடம்பிலும் இருக்கின்றன. அழற்சி எங்கே இருக்கிறதோ அங்கே அவை மும்முரமாகிவிடும். ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, சிட்ருலினுக்கு இல்லை. நான் சொன்ன வகைப் புரதத்தில் உள்ள ஒரு குழியில் ஆர்ஜினின் ஒட்டாது, சிட்ருலின் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்த வகையைச் சுமப்பவர்களிடம், மாறிப்போன சொந்தப் புரதம் டி அணுக்களின் கண்ணில் நன்றாகவே படுகிறது. அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், உருவாகிறது. அம்மாவின் ரிப்போர்ட்டில் "ஆன்டி-சிசிபி" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அது அளப்பது இந்த ஆன்டிபாடியைத்தான்.

சிட்ருலினாக மாறும் வேலை முதலில் தொடங்கும் இடம் மூட்டு அல்ல, பலரிடம் நுரையீரலாக இருக்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. புகை உள்ளே வருவது இங்கேதான். சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1996 முதல் புதிதாக நோய் கண்டவர்களையும் அதே வயதுடைய, நோயில்லாதவர்களையும் சேர்த்து 'ஐரா' என்ற பெரிய ஆய்வை நடத்திவருகிறார்கள். லார்ஸ் கிளாரெஸ்கோக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கு இது: மேலே சொன்ன மரபணு வகை அம்மா வழியிலும் அப்பா வழியிலும் என இரண்டு பிரதியாக வந்து, புகைப்பழக்கமும் இருந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆன்டி-சிசிபி பாசிட்டிவ் முடக்குவாதத்தின் ஆபத்து 21 மடங்கு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தவர்களிடம் ஏற்றம் இதைவிட மிகக் குறைவு. மரபும் பழக்கமும் இங்கே ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. ஆன்டிபாடி நெகட்டிவாக இருக்கும் முடக்குவாதத்தில் புகைக்கும் மரபணுவுக்கும் இவ்வளவு பங்கு தெரியவில்லை. ஒரே பெயரில் அழைத்தாலும் அடிப்படையில் இரண்டும் வேறு நோய்கள் என்றே நான் நினைக்கிறேன்.

புகையை விட்டால் ஆபத்து இறங்குமா? இறங்கும், மெதுவாக. அமெரிக்கச் செவிலியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புகையை விட்டு 30 வருடம் ஆனவர்களுக்கு அண்மையில் விட்டவர்களைவிட ஆன்டிபாடி உள்ள முடக்குவாதத்தின் ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது.

"எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் புகை பிடித்ததில்லையே" என்பீர்கள். நியாயம்தான். நம் ஊரில் முடக்குவாதத்தோடு வரும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் பீடியைக் கையால் தொட்டதில்லை. புகை ஒரு காரணமே ஒழிய, அது மட்டுமே காரணம் இல்லை. ஆனால் அதே செவிலியர் ஆய்வில், சிறுவயதில் பெற்றோர் புகைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஆன்டிபாடி உள்ள முடக்குவாதம் 75 சதவீதம் கூடுதலாக வந்ததாகத் தெரிந்தது. ஆகவே அப்பாவின் பீடி வாசலுக்கு வெளியே போக வேண்டும், முடிந்தால் அடியோடு நிற்க வேண்டும். அம்மாவைக் காட்டியே அவரிடம் பேசுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த வீட்டில் புகை இருக்கவே கூடாது.

சுவீடனில் உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் 'ஸ்னுஸ்' புகையிலைப் பழக்கம் பரவலாக உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு முடக்குவாத ஆபத்து கூடவில்லை. நிக்கோட்டினைவிட நுரையீரலுக்குள் போகும் புகையே வினை என்பதற்கு இது நல்ல சான்று. அதற்காக நம் ஊர் ஹான்ஸும் பான்பராக்கும் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை வாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கல் குவாரி, கல் அறுக்கும் பட்டறைகளில் பறக்கும் சிலிக்கா தூசு முடக்குவாத ஆபத்தைக் கூட்டுவது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. மில் தூசைப் பற்றி மலேசியாவிலிருந்து ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. ஐரா ஆய்வின் மலேசியக் கிளை அது, மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்களைச் சேர்த்தது. ஜவுளித் தூசு படும் வேலையில் இருந்த பெண்களுக்கு ஆபத்து 3 மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. மேலே சொன்ன மரபணு வகையும் சேர்ந்தவர்களிடம் பல மடங்கு ஏறியது. ஒரே ஓர் ஆய்வை வைத்து வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சைப் பிரித்துச் சீவும் புளோ ரூம், கார்டிங் பக்கம் நிற்பவராக இருந்தால், துணியை மடித்துக் கட்டிக்கொள்வது போதாது, மூக்கோடு ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க் போடுங்கள். வேலைமாற்றம் கேட்க வாய்ப்பு வந்தால் பஞ்சு பறக்காத பிரிவைக் கேளுங்கள். நெஞ்சு இறுக்கத்துக்கும் இருமலுக்கும் எப்படியும் இது நல்லது.

பல் ஈறும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஈறு நோய்க்குக் காரணமான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா தனக்கென்று ஒரு பிஏடி என்சைமே வைத்திருக்கிறது. ஈறு நோயும் முடக்குவாதமும் சேர்ந்து வருவது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் கிராம்புத் தைலத்தோடு விட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். உடல் எடை மிகுந்தாலும் ஆபத்து சற்றுக் கூடுகிறது, நோய் வந்த பிறகு மருந்து கேட்பதும் குறைகிறது.

உணவுக்கு வருவோம். தயிர், தக்காளி, கத்தரிக்காய், புளி, உருளைக்கிழங்கு எதனாலும் முடக்குவாதம் வருவதாக ஆதாரம் இல்லை. இவற்றை நிறுத்தினால் வராது என்பதற்கும் இல்லை. "ஆட்டோஇம்யூன் டயட்" என்று ஒரே பட்டியலை எல்லா நோய்க்கும் விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். தன்னுடல் தாக்கும் நோய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சீலியாக் நோயில் கோதுமையின் குளூட்டன் நேரடிக் காரணம், அதை விட்டால்தான் குடல் ஆறும். அதே குளூட்டனுக்கும் முடக்குவாதத்துக்கும் அப்படி ஓர் உறவு இல்லை. புகையையே எடுத்துக்கொள்ளுங்கள்: முடக்குவாதத்தைக் கூட்டுகிறது, கிரேவ்ஸ் என்ற தைராய்டு நோயில் கண்ணைக் கெடுக்கிறது, குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மட்டும் புகைப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுகிறது. ஒரு பழக்கம் எல்லா நோயிலும் ஒரே திசையில் வேலை செய்யாது.

விட்டமின் டி பற்றிக் கேட்பார்கள். 2022இல் வெளியான அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 50 வயது தாண்டிய 25,871 பேர் ஐந்து வருடத்துக்கு மேல் கலந்துகொண்டார்கள். தினம் 2000 யூனிட் விட்டமின் டி எடுத்தவர்களில் 123 பேருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கும் ஏதோ ஒரு ஆட்டோஇம்யூன் நோய் வந்தது. 22 சதவீதக் குறைவு என்று தலைப்புச் செய்தியானது இதுதான். ஒவ்வொரு பக்கமும் 13,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பயன் எவ்வளவு சிறியது என்று தெரியும். மீன் எண்ணெயில் கிடைத்த குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மீன் சாப்பிடும் வீடு என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி, நெத்திலி வாங்குங்கள், மாத்திரை வேண்டாம். கடையில் கேட்டு வாங்கி 60,000 யூனிட் மாத்திரையை வாராவாரம் மாதக்கணக்கில் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுப்பவர்கள் உண்டு. அளவு பார்த்து, மருத்துவர் சொன்னால் மட்டும்.

சித்தியின் தைராய்டு ஆட்டோஇம்யூன் வகையாக இருந்தால், அது அம்மாவின் நோயோடு தூரத்து உறவு உள்ளதுதான். இந்த நோய்கள் சில மரபணுக்களைப் பொதுவில் வைத்திருப்பதால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தைராய்டு, இன்னொருவருக்கு வெண்படை, மற்றொருவருக்கு மூட்டு என்று பிரிந்து வரும். உங்களுக்கு வருடம் ஒரு முறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நியாயமானது, கர்ப்பம் திட்டமிடும்போது கட்டாயம். சூழலின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு முதல் வகைச் சர்க்கரை நோயில் தெளிவான சான்று இருக்கிறது. பின்லாந்தும் ரஷ்யாவின் கரேலியாவும் ஒட்டிய நிலங்கள். இந்த நோய்க்கான மரபணு வகைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பின்லாந்துக் குழந்தைகளுக்கு அந்த நோய் 6 மடங்கு அதிகம்.

பெண்களுக்கு முடக்குவாதம் ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு வருகிறது. கர்ப்பகாலத்தில் பலருக்கு நோய் அடங்கும், பிரசவத்துக்குப் பிறகு சீறும். புதிதாகத் தொடங்குவதும் அந்த மாதங்களில் நடக்கும். நம் வீடுகளில் கவனம் தப்புவது இங்கேதான். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் விரல் வலிக்கிறது என்றால், "பச்சை உடம்பு, வாயு பிடிச்சிருக்கும்" என்று பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு நான்கைந்து மாதம் ஓட்டிவிடுவார்கள். மூட்டு எலும்பு அரிபடத் தொடங்கும் காலம் அதுவே. ஒரு வருடத்துக்கு மேல் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு முடக்குவாத ஆபத்து குறைவு என்று சுவீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நாள் வரும்போது நினைவில் வையுங்கள்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். ஆபத்தான டிஆர்பி1 வகை ஆரோக்கியமானவர்களிலும் ஏராளமானோரிடம் இருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தால் பயம் மிஞ்சும், நெகட்டிவ் என்று வந்தால் பொய்யான தைரியம். வலியோ வீக்கமோ இல்லாதபோது, முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையும் வீண். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். வயது ஏறினாலே, காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் போன்றவை இருந்தாலே அது பாசிட்டிவாகும். ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கிப்போய் வருபவர்களின் மூட்டைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

ஆன்டிபாடி நோய்க்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது என்பது உண்மைதான். நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளை 2004இல் எடுத்துப் பார்த்தபோது, பின்னாளில் நோய் வந்தவர்களில் பாதிப்பேரிடம் ஆன்டி-சிசிபியோ ஆர்ஏ ஃபேக்டரோ முன்பே இருந்தது, நடுத்தரக் கணக்கில் நாலரை வருடம் முன்பே. அந்த இடைவெளியில் மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா என்ற முயற்சியில், ஆன்டிபாடியும் மூட்டு வலியும் இருந்தும் வீக்கம் வராதவர்களுக்கு டி அணுக்கள் கிளர்வதைத் தடுக்கும் அபடாசெப்ட் என்ற மருந்தை ஒரு வருடம் கொடுத்த பிரிட்டன்-நெதர்லாந்து ஆய்வு 2024இல் வெளிவந்தது. முதல் வருட முடிவில் நோய் வந்தது 6 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 29. மருந்தை நிறுத்திய அடுத்த வருட முடிவில் 25க்கு 37 என்று இடைவெளி சுருங்கிவிட்டது. தள்ளிப்போட முடிகிறது என்பதே இதுவரை கிடைத்த செய்தி. ஒரு தொந்தரவும் இல்லாத உங்களுக்கு இதில் இப்போது எதுவும் தேவையில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நோய் எப்படித் தொடங்கும் என்பதுதான். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, அரை மணி, ஒரு மணி நேரம் இளகாமல் இருப்பது. குழாயைத் திருக, ஈரத்துணி பிழிய, பின்னல் போட முடியாமல் போவது. மோதிரம் கழற்ற முடியாமல் விரல் அடி வீங்குவது. கை குலுக்கும்போது முட்டிகளை லேசாக அழுத்தினாலே சுள்ளென்று வலிப்பது. காலையில் முதல் அடி வைக்கும்போது கூழாங்கல்லை மிதிப்பதாகப் பாதத்தின் முன்பகுதி உறுத்துவது. இரண்டு பக்கமும் இப்படி இருந்து ஆறு வாரமாகியும் போகவில்லை என்றால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் ருமட்டாலஜிஸ்டிடம் நேராகப் போங்கள். பெயரில்லாத பொடியும் சூரணமும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தவை அவற்றில் உண்டு, வலி போய்விடும், மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில் பலர் கை வளையாமல், வேலையை விடாமல் இருக்கிறார்கள். உங்கள் அம்மா காலத்தைவிட இன்று மருந்துகளும் அதிகம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முடக்குவாதம் இருக்கிறது, இது கண்டிப்பாகப் பிள்ளைக்கு இறங்கும் வகை இல்லை, வருவதற்கு 100க்கு 3 போல வாய்ப்பு, வந்தாலும் மருந்து இருக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் மாரடைப்பும்கூடக் குடும்பங்களில் இறங்குகின்றன, அவற்றை யாரும் கல்யாணத்தில் விசாரிப்பதில்லை. அவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் உங்கள் அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடமே கூட்டிக்கொண்டு போங்கள், பத்து நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

போகும்போது அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளில் ஆன்டி-சிசிபி பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உங்களுக்கு மூட்டு வலி என்று எப்போதாவது போனால், பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கும் விவரங்களில் அதுவும் ஒன்று.